மூன்றாவது வரிசையிலிருந்து: வட ஆர்க்காட்டு இலக்கியத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இலக்கியக் கூட்டங்களும் கருத்தரங்குகளும் வாசிப்பு வட்டங்களும் நடத்திவரும் தோழர்களுக்கு வணக்கம்.

2019-இல் அரசு வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் உங்கள் துண்டறிக்கைகளில் 'வட ஆர்க்காடு' என்றே அச்சிடுகிறீர்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நானும் அந்தப் பழைய பெயர்க்காரி. ஊர் குடியாத்தம் பக்கம், தொழில் பத்திரம் எழுதுவது. ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கும் அறையில் கணினி முன் உட்கார்ந்து, கிரயம், தானம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கூட்டங்களுக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்காருவேன். முதல் வரிசை நன்கொடையாளர்களுக்கு, இரண்டாவது பேச்சாளரின் நண்பர்களுக்கு என்று ஆகிவிடுவதால் மூன்றாவது.

இதை உங்களில் ஒருவருக்குத் தனிக் கடிதமாக எழுதியிருக்கலாம். எழுதினால், 'நம் வீட்டு விஷயம் அம்மா, நமக்குள் பேசிக்கொள்வோம்' என்பீர்கள். வீட்டு விஷயத்தை நமக்குள் பேசிக்கொண்டால் அது யார் பக்கம் சாய்ந்து முடியும் என்பதை என் மேசையில் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் திறந்த மடல்.

உங்கள் கருத்தரங்க அழைப்பிதழ்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. காலை அமர்வு: மார்க்சியமும் சாதியும், திராவிட இயக்க வரலாறு, தமிழ் நாவலின் போக்குகள். பேசுவோர் ஆண்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, பிரியாணி உண்ட மயக்கத்தில் பாதி அரங்கம் கண் சொக்கிக்கொண்டிருக்கும் இரண்டரை மணிக்கு 'பெண்ணியம்: நேற்றும் இன்றும்'. பேசுவோர் பெண்கள். நன்றியுரையும் பெண். ஊர் மாறும், ஆண்டு மாறும், மண்டபம் மாறும். இந்த வரிசை மாறாது. நிலவுரிமை பற்றிப் பேச ஒரு பெண்ணை நீங்கள் அழைத்து நான் பார்த்ததில்லை. நாவலின் வடிவம் பற்றிப் பேச அழைத்ததில்லை. பெண் என்றால் பெண்ணைப் பற்றித்தான் பேசுவாள் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

1918-இல் இதே வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் பெண்கள் மட்டுமே படித்தார்கள். ஆண்களுக்கு அங்கே 1947-இல்தான் கதவு திறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்த ஊரில் மருத்துவம் படிப்பது என்றாலே பெண்தான். அந்தக் காலத்தில் யாரும் மதியம் இரண்டரை மணிக்கு 'ஆண்களும் மருத்துவமும்' என்று ஓர் அமர்வு வைத்ததாகத் தெரியவில்லை.

பெரியாரின் உயிர் பிரிந்தது வேலூரில் என்பதை நீங்கள் பெருமையோடு சொல்வீர்கள். 1973 டிசம்பர் 24, சிஎம்சி மருத்துவமனை. சரி. மணியம்மையார் பிறந்தது இதே வேலூரில் என்பதை எத்தனை பேர் சொல்கிறீர்கள்? சொன்னாலும் எப்படிச் சொல்கிறீர்கள்? ஐயாவைத் தொண்ணூறு தாண்டியும் நலமாக வைத்திருந்த தாதி. அவ்வளவுதான். பெரியாருடன் நடந்த அவருடைய திருமணத்தைக் காரணம் காட்டித் திராவிடர் கழகம் பிளந்து 1949-இல் திமுக பிறந்த கதையில் அவர் ஒரு காரணமாக வருவார். அதற்குப் பிறகு காணாமல் போய்விடுவார். ஐயா மறைந்த பின் 1978-இல் தாம் இறக்கும்வரை திராவிடர் கழகத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1974 டிசம்பரில் சென்னையில், இராம லீலாவுக்கு எதிராக இராமன் உருவத்தை எரிக்கும் இராவண லீலாவை நடத்தி வழக்கைச் சந்தித்தவர். நெருக்கடி நிலையில் கழகத்தின் முன்னணியினர் சிறையில் இருந்தபோது அமைப்பைக் கட்டிக் காத்தவர். கடவுள் மறுப்பு இயக்கம் ஒன்றின் தலைமையில் ஒரு பெண், அதுவும் எழுபதுகளில், அதுவும் நம் ஊர்ப் பெண். இது ஒரு முழு நாள் கருத்தரங்குக்கான பொருள். உங்கள் மேடையில் இதற்குக் கிடைத்தது கஞ்சி கொடுத்த கை என்ற ஒரு வரி.

'பெரியார்' என்ற பெயரை வழங்கியதே 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. நீங்கள் மூச்சுக்கு மூச்சு உச்சரிக்கும் சொல்லைப் பெண்கள் தீர்மானம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதையும் மதிய அமர்வில்தான் கேள்விப்பட முடிகிறது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். இராணிப்பேட்டை அருகே லாலாப்பேட்டையில் பிறந்த சுகிர்தராணியை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் 'உடல்மொழிக் கவிஞர்' என்று ஓர் அடைமொழி வந்து ஒட்டிக்கொள்கிறது. 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அவருடைய கவிதைகளையும் தமிழ் எழுத்தாளர் பாமாவின் எழுத்தையும் வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் கதையையும் நீக்கியது. ஒரு பல்கலைக்கழகத்தை அச்சுறுத்தும் அளவுக்கு அந்தக் கவிதைகளில் இருந்தது வெறும் உடல்தானா? சாதி பேசும் உடல் அது, அதனால்தான் நீக்கினார்கள். 2023-இல் ஒரு நாளிதழ்க் குழுமம் அறிவித்த விருதை, நிகழ்ச்சிக்கு முதன்மை நிதியளிப்பது அதானி குழுமம் என்று தெரிந்ததும் வேண்டாம் என்று மறுத்தார். மூலதனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம் ஊர் ஆண் எழுத்தாளர்களில் எத்தனை பேர் பரிசுத்தொகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு மாலையை வாங்குகிறார்கள்? மறுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அதை ஓர் அரசியல் செயலாக எடுத்துக்கொண்டு பேச உங்கள் காலை அமர்வில் இடமில்லாமல் போனது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

சாகித்திய அகாதமியைத் திட்டுவதில் உங்களுக்கு நிகர் நீங்கள்தான். திட்டுங்கள். 1955 முதல் 2024 வரை தமிழ் நூல்களுக்காக அந்த விருதை வாங்கிய பெண்கள் நால்வர்: ராஜம் கிருஷ்ணன், லட்சுமி, திலகவதி, அம்பை. தில்லிக்காரர்கள் எழுபது ஆண்டுகளில் நால்வரைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் காலை அமர்வு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் மேடைக் கணக்கு. எனக்கு இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு முன் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பீடி சுற்றியவர். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பீடி வீடுகள். முந்தின இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவார்கள். காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டி, மடியில் முறத்தைப் போட்டுக்கொண்டு திண்ணையில் வரிசையாக உட்கார்ந்தால் விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும், காதுகள் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்குத் தீனி போடுவது, பள்ளி விட்டு வந்ததும் என் வேலை. வார இதழ்த் தொடர்கதை, கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவல், எது அகப்பட்டாலும் உரக்கப் படிப்பேன். ஒரு நாள் ஒரு முற்போக்குக் கதை. கணவனின் கொடுமை தாங்காத கதாநாயகி தாலியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, விடியலை நோக்கி நடந்தாள் என்று முடிந்தது. படித்துவிட்டு, எல்லாரும் பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்தேன். அம்மாவுக்கு எதிரே இருந்த அக்கா, பீடியின் தலையை மடக்கிக்கொண்டே, 'நடந்து எங்கே போனாள்?' என்றார். 'அது போடவில்லை' என்றேன். 'இன்று ராத்திரி எங்கே படுப்பாள்? அதைப் போடாமல் எப்படிக் கதையை முடித்தான்?' என்றார். இருபத்தைந்து பீடி சேர்ந்தால்தான் ஒரு கட்டு. ஒன்று குறைந்தாலும் கடையில் கட்டைத் தள்ளிவிடுவார்கள். அப்படிக் கணக்குப் பார்த்துப் பழகியவர்களிடம் பாதிக் கதையைக் கொண்டுபோனால் என்ன நடக்கும்?

நான் கேட்ட இலக்கிய விமர்சனங்களில் இதற்கு மேலானது உங்கள் மேடைகளில் இன்னும் வரவில்லை.

நம் முற்போக்குக் கதைகளில் பெண்ணின் விடுதலை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. அவள் வெளியேறுகிறாள், நாம் கைதட்டுகிறோம். அவள் தலை சாய்க்கப் பிறந்த வீட்டில் ஓர் அறை இருக்கிறதா, அந்த வீட்டுப் பட்டாவில் அவள் பெயர் இருக்கிறதா என்று எந்தக் கதையும் கேட்பதில்லை. கதை கேட்காததைக் கொள்கையாவது கேட்க வேண்டும். எங்கெல்சின் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' உங்கள் பயிற்சி வகுப்புகளில் கட்டாயப் பாடம். தனிச்சொத்து வந்தபோது பெண் தோற்றாள் என்று 1884-இல் அவர் எழுதியதை மனப்பாடமாகச் சொல்வீர்கள். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டதையும் சொல்வீர்கள். அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல், தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு தந்தது. நம் வட ஆர்க்காட்டிலிருந்து திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாகப் பிரித்ததும் அதே 1989-இல்தான். மாவட்டம் பிரிந்ததை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டோம். திருவண்ணாமலை போகும் பஸ்ஸில்கூட யாரும் சண்டை போடவில்லை. மகளுக்குப் பங்கு பிரிந்ததை மட்டும் இன்றுவரை ஏற்கவில்லை.

தோழர்களே, அந்தச் செங்கல்பட்டுத் தீர்மானம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும்போது என்னவாக ஆகிறது என்று சொல்கிறேன்.

உங்களில் ஒருவர் வந்தார். எந்த ஊர், எந்த அமைப்பு என்பது வேண்டாம். பெண்ணடிமை பற்றி அவர் பேசி நான் கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே நன்றாகப் பேசுவார். கூடவே அவருடைய அக்காவும் தங்கையும். அப்பா இறந்துவிட்டார், ஊரையொட்டிய நிலம், மனை போடுகிறவர்கள் விலை கேட்டு வருகிறார்கள். இரண்டு பெண்களும், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அண்ணன் தம்பி பேருக்கு எழுதிக் கொடுக்க வந்திருந்தார்கள். எங்கள் தொழிலில் வாசகங்கள் எல்லாம் முன்பே தயார். 'மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியம் முழுவதையும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக விடுதலை செய்து கொடுத்துவிட்டேன். இனி இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது.' பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் போதும். மனப்பூர்வம் எப்போதும் அப்படியே இருக்கும். அக்கா கேட்டார்: 'எனக்கு என்ன கொடுத்தார்கள் என்று இதில் எங்கே இருக்கிறது?' தோழர் சிரித்துக்கொண்டே, 'அக்கா, இதெல்லாம் வழக்கமான வாசகம்' என்றார். பிரதிபலன், அதாவது ஈடாகக் கொடுத்த தொகை என்ற இடத்தில் எதுவும் இல்லை என்று தட்டியது நான்தான். உள்ளே போனபோது விரல்ரேகைக் கருவி அக்காவின் கட்டைவிரலை எடுக்கவில்லை. வேலை செய்தே ரேகை தேய்ந்த கை. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். கடைசியில் ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தது. வெளியே வந்ததும் தோழர் எல்லாருக்கும் டீ சொன்னார். இரண்டு பெண்களுக்கும் பட்டுப்புடவை எடுப்பதாக ஏற்பாடு.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. அக்காவின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர் என்று அந்த அம்மாவே சொன்னார். ஆனால் கட்டணம் தம்பி மனம் வைத்துக் கொடுத்தது, பங்கு அவருக்கே உரியது. மனம் வைத்துக் கொடுப்பதற்கு நன்றி சொல்ல வேண்டும். உரியதற்கு யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. முதலாளி தரும் போனஸையும் தொழிலாளியின் கூலியையும் இப்படித்தானே பிரித்துச் சொல்லித் தருவீர்கள்?

பெண்கள் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். சட்டம் தெரியாமல் இல்லை. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது என்பதும், 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது என்பதும், அந்த ஆண்டில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது என்பதும் இப்போது டீக்கடைப் பேச்சு. வாணியம்பாடி, மேல்விசாரம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு உரியதில் பாதி மகளுக்கு என்று மார்க்கமே வகுத்து வைத்திருக்கிறது. அந்தப் பாதியும் கைக்கு வராமல் போவதுண்டு. தெரியாமை காரணம் இல்லை. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். தீபாவளிக்கு அழைப்பு வராது. பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி கிடைக்காது. புருஷன் கை ஓங்கினால் வந்து கேட்க ஆள் இருக்காது. இந்த அச்சத்துக்குக் கொடுக்கும் விலைதான் அந்த நிலம். ஊரை விட்டுத் தள்ளிவைப்பேன் என்று மிரட்டிக் கூலியைக் குறைத்த பண்ணையாரைப் பற்றி நீங்கள் கவிதை எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றியும் எழுதலாம்.

இலக்கியக் கூட்டத்தில் சொத்துத் தகராறு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். 'முதலில் வர்க்கம்' என்பார் ஒருவர். 'எங்கள் இயக்கம் சட்டமே கொண்டுவந்துவிட்டது, இனி என்ன?' என்பார் இன்னொருவர். 'தமிழ்ப் பண்பாட்டில் பெண் தெய்வம்' என்பார் மூன்றாமவர். தெய்வத்துக்கு மட்டும்தான் இந்த நாட்டில் பட்டா தடையில்லாமல் கிடைக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்டுகிறேன். மூன்று பேரும் மேடையில் ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள். எங்கள் அலுவலகப் பெஞ்சில் மூன்று பேரும் ஒரே மாதிரிதான் உட்காருகிறார்கள்.

உங்கள் அமைப்புகளில் சேருகிறவர் வரதட்சணை வாங்க மாட்டேன், சாதிப் பெயர் போட மாட்டேன் என்று உறுதி சொல்கிறார். நல்ல வழக்கம். அதோடு இன்னொன்றையும் சேருங்கள்: உடன்பிறந்த பெண்ணிடம் சந்தை மதிப்பில் ஈடு கொடுக்காமல் விடுதலைப் பத்திரம் வாங்க மாட்டேன். இதைச் சேர்த்த மறுநாள் எத்தனை பேர் உறுப்பினராக மிஞ்சுவீர்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

கருத்தரங்கு அல்லாத சாதாரணக் கூட்டங்களின் நேரத்தையும் மாற்றுங்கள். ஞாயிறு மாலை ஆறு மணி உங்களுக்கு வசதி. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு வாரம் முழுவதும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகும் பெண்ணுக்கு ஞாயிறு மாலை என்பது மறுவாரத்துக்கான மாவும் துணியும். காலை பத்து மணிக்கு வையுங்கள், ஒரு மணிக்கு முடியுங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதை 'இலவசம்' என்று சிரிக்கும் சிலர் உங்களுக்குள் இருக்கிறார்கள், நான் கேட்டிருக்கிறேன். உங்கள் கூட்டத்துக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் அந்தப் பஸ்ஸில்தான் வருகிறார்கள். கூட்டம் ஒன்பது மணிக்கு முடிந்தால் அது இல்லை. உங்களில் யாராவது ஒருவர் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்பார், அப்புறம் ஊர் அதைப் பேசும்.

அடுத்த கருத்தரங்கில் பேச எனக்கு விருப்பம் இருக்கிறது. தலைப்பை நானே சொல்கிறேன்: 'தமிழ் நாவலில் நிலம்: யார் பெயரில் பட்டா?' காலை அமர்வில், முதல் ஆளாக. நாற்பது நிமிடம் வேண்டும், இடையில் துண்டுச்சீட்டு அனுப்பக் கூடாது. வார நாளில் வைப்பதாக இருந்தால் முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அன்று பதிவு அலுவலகத்தில் டோக்கன் அதிகம், என்னால் வர முடியாது.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்துப் பத்திர எழுத்தர் ஒருவர்